கடித்தது யார் என்று செடியே சொல்லும்

வீடுகளுக்குப் பூச்செடி நட்டுக்கொடுப்பது என் தொழில். "நேத்து நட்டுட்டுப் போனீங்கண்ணே, காலையில பார்த்தா மொட்டைக் குச்சியா நிக்குது" என்று போன் வந்தால் உடனே வேலி போடச் சொல்லமாட்டேன். கடிபட்ட இடத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். வந்தது யார், எதைத் தேடி வந்தது என்று தெரியாமல் போடும் வேலிக்குச் செலவுதான் மிச்சம்.

ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. தண்டைக் கவ்வி இழுத்துத்தான் பிய்க்கும். அதனால் நுனி நார்நாராய்க் கிழிந்திருக்கும். முயல் கடித்தால் பிளேடால் சீவியதுபோல் சாய்வாக, சுத்தமாக அறுந்திருக்கும். இலை ஒன்றும் குறையாமல் செடி சாய்ந்து, வேர் வெளியே தெரிந்தால் அது கோழி. புதிதாகக் கொத்திய மண்ணில் புழு தேடிக் கிளறியிருக்கும். பெருச்சாளி, குழியில் போட்ட கடலைப் பிண்ணாக்கின் வாசனைக்கு வந்து தோண்டும். நாய், வெயில் காலத்தில் ஈரமண்ணில் படுக்க வரும்.

தேடி வந்தது கிடைக்காமல் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கோழி வரும் வீட்டில் தூரைச் சுற்றி ஓட்டுத்துண்டுகளையோ தேங்காய் மட்டைகளையோ நெருக்கமாகப் பதிக்கிறேன். கிளற மண் இருக்காது. வேருக்கு ஈரமும் நிற்கும். பெருச்சாளி நடமாடும் இடத்தில் கடலைப் பிண்ணாக்கை விட்டுவிட்டு, நன்றாக மக்கிய எருவோடு வேப்பம் பிண்ணாக்கு கலந்து போடுகிறேன். எலி மருந்து வைக்க நான் சம்மதிப்பதில்லை. அதைத் தின்று செத்த எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும்கூடச் சாகும். நாய்க்கு, செடிகளுக்கு நடுவே சாண் இடைவெளியில் குச்சிகளை ஊன்றினால் படுக்க இடமிருக்காது.

ஆடுதான் பெரும்பாடு. செம்பருத்தியும் ரோஜாவும் கண்ணில் பட்டால் விடாது. சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, இலைமேல் தெளித்தால் வாய் வைக்கத் தயங்கும். மழை பெய்தாலும் புதுத்தளிர் வந்தாலும் மறுபடி தெளிக்க வேண்டும். இடமிருந்தால் ஓரமாக ஆடாதோடையை நெருக்கி நட்டு உயிர்வேலி ஆக்கலாம். அரளியையும் ஆடு சீண்டாது. ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால் சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் நடுவதில்லை.

மயில் வரும் ஊர்களில் மேலே வலை கட்டுவதே வழி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் துன்புறுத்துவது குற்றம். வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் பாம்பும் அணிலும் சிக்கிச் செத்துப்போகும்.

இத்தனை காவலும் செடி வேர்பிடித்துத் தண்டு முற்றும்வரைதான். அதன்பிறகு நாலு இலையை ஆடு கடித்தாலும் செடி தழைத்துக்கொள்ளும். நாற்று வாங்கும் அன்றே மட்டை, குச்சி, வலை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். காவலைத் தயார் செய்துவிட்டுக் குழி தோண்டுங்கள்.