நகமும் கருவியும்

சேலத்தினின்று ஏற்காட்டுக்கு ஏறுவார் இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்தே மேற்செல்லல் வேண்டும். வளைவுதோறும் எண் பொறித்த பலகையொன்று நிற்கும். பிள்ளைப் பருவத்தில் யாம் எண் கற்றது அப்பலகைகளிலேதான் எனின் மிகையாகாது. எம் தந்தையார் முப்பதாண்டுகளுக்கு மேலாகக் காப்பித் தோட்டத்து லாரி ஓட்டியவர். மலை இறங்குமுன் ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் கட்டைவிரல் நகத்தை ஊன்றிப் பார்ப்பது அவர்தம் வழக்கம். நகம் பதிந்த இடம் மெல்ல மீண்டெழுமாயின் தலையசைப்பார். குறி விழாது நகம் வழுக்குமாயின் ஒன்றும் பேசார். கிளீனரை அழைத்து வேறு டயரை மாட்டச் சொல்வார். அவ்வளவே அவருடைய சோதனை.

தமிழ் பயிலும் எமக்கும் டயருக்கும் யாது தொடர்பு என்று விடுதி நண்பர் நகைப்பதுண்டு. நகைக்கட்டும். வேதியியல் பயிலும் நண்பர் ஒருவர் மட்டும் தந்தையாரின் நகத்தைப் பற்றிக் கேட்டு நகையாது, "அதற்கென்றே ஒரு கருவி உண்டு; விடுமுறைக்கு எடுத்துச் செல். உன் தந்தையாரின் நகம் மெய் சொல்கிறதா எனப் பார்ப்போம்" என்று சொல்லித் தம்மிடமிருந்த சிறு டுரோமீட்டரை எம் கையிற் கொடுத்தார். உடன் ஒரு வெப்பமானியும், "வெப்பத்தையும் குறித்துக்கொள்" என்று எழுதிய துண்டுச் சீட்டும் இருந்தன. சீட்டைப் படித்தோம்; பொருட்படுத்தினோமில்லை.

சென்ற திசம்பரில், காப்பிப் பழம் சிவந்து பறிப்பு நடக்கும் நாட்களில், இல்லம் சேர்ந்தோம். எம் தமையனார் ஏற்காட்டில் இருசக்கர வண்டிகளைப் பழுதுபார்ப்பவர். இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பெற்ற பந்தயத் தடத்தில் ஒருமுறையேனும் வண்டி ஓட்டுதல் வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வேட்கை. சுற்றொன்றுக்கு ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் அது. அதற்கு முன்னர்ச் சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்திலே பந்தயங்கள் நடந்துவந்தன. தந்தையார் தம் இளமையில் அங்கே ஒரு பந்தயம் கண்டவர். ஆகவே இவ்வேட்கைக்கு வித்திட்டவரும் அவரே என்பது எம் துணிபு. அவர் அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளார்.

யாம் சென்ற மாலை, தமையனார் சேலத்து வணிகர் ஒருவரிடம் 6,000 ரூபாய்க்கு வாங்கிய இரண்டு பழைய பந்தய டயர்கள் திண்ணையில் கிடந்தன. பட்டன் என்று ஓட்டுநர் சொல்லும் புடைப்போ வரிப்பள்ளமோ ஏதுமற்ற வழவழப்பான மொட்டை டயர்கள் அவை. அத்தொகையில் அம்மா காப்பிப் பழம் பறித்துச் சேர்த்த கூலியும் ஒரு பங்கு. தந்தையார் குனிந்து நகத்தை ஊன்றினார். வழுக்கியது. மீண்டும் ஊன்றினார்.

"பெரியவனே, இது செத்த டயர்."

"நகத்துக்கு என்ன தெரியும், அப்பா? வியாபாரி கருவி வைத்தே காட்டினார். நாற்பத்தேழு. நாளைக் காலை மாட்டிக்கொண்டு மலையிறங்கிப் பழகப் போகிறேன்."

அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். யாம் பெட்டியைத் திறந்தோம்.

கருவி எளியது. கைக்கடிகாரம் போன்ற வட்டமுகம். அடியில் மழுங்கிய நுனியுடைய சிறு கூம்பு ஊசி. அதன் பின்னே ஒரு வில். ரப்பரின்மேல் கருவியை அழுத்தினால் ரப்பர் ஊசியை எதிர்த்துத் தள்ளும். ஊசி சிறிதும் உள்வாங்காது 2.5 மில்லிமீட்டர் முழுதும் வெளியே நிற்பின் அளவு 0. கண்ணாடிமேல் வைத்தாற்போல முழுதும் உள்ளே மடங்கிவிடின் 100. ஆல்பர்ட் ஷோர் என்ற அமெரிக்கர் 1920-களில் அமைத்த முறையாதலின் இவ்வளவை ஷோர் என்றே வழங்குவர். டயருக்கு உரியது ஷோர் ஏ. சாலை டயர்கள் பெரும்பாலும் 60-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் நிற்கும். பந்தய டயர்கள் அதனினும் மிகத் தாழ்ந்து நிற்கும். மேல்நாட்டு பார்முலா ஒன் பந்தயத்திலே வல்லது, இடைப்பட்டது, மெல்லியது என மூவகை டயர் வகுத்து வெள்ளை, மஞ்சள், சிவப்பு நிறங்களால் அடையாளம் இடுவர். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எம் இலக்கணத்தார் எழுத்துக்கு வகுத்ததை இவர்கள் ரப்பருக்கு வகுத்தார்கள் என்று யாம் விளக்கப் புகுந்தோம். தமையனார், "முதலில் அளந்து காட்டு, தம்பி" என்றார். நியாயந்தான்.

மறுநாள் விடியலில், மூடுபனி இன்னும் முற்றத்தை விட்டு நீங்காத பொழுதில் அளந்தோம். நடுவிலும் இரு புறங்களிலுமாக ஐந்து இடங்களில் அளந்து சராசரி கண்டோம். 58. தமையனாரின் முகம் சிவந்தது. நாற்பத்தேழு எங்கே, ஐம்பத்தெட்டு எங்கே! வணிகர் ஏமாற்றினார் என்று அவர் கொதித்தார். அவர் நின்ற நிலையில் அப்போதே அந்த டயர்களை மாட்டிக்கொண்டு அவ்வணிகரை நோக்கி மலையிறங்கிவிடுவாரோ என அஞ்சினோம். மொட்டை டயர் பொது வழிக்கு ஆகாதது. நீரை விலக்க அதிலே பள்ளமில்லை. அன்றியும், பந்தய ரப்பர் வெப்பமேறிய பின்னரே பிடி கொடுப்பது. பனி ஈரம் படிந்த குளிர்ந்த மலைச்சாலையிலே, மெல்ல இறங்கும் வண்டியில், அது சூடேறுவதற்குள் இருபது வளைவும் முடிந்துவிடும். அல்லது வண்டி முடிந்துவிடும். தந்தையார் வண்டியின் சாவியை எடுத்துத் தம் சட்டைப் பைக்குள் இட்டுக்கொண்டார்.

அப்பொழுதுதான் நண்பரின் சீட்டு நினைவுக்கு வந்தது. வெப்பமானியைப் பார்த்தோம், 14 பாகை. ரப்பர் குளிரில் இறுகும், வெயிலில் இளகும். ஏற்காடு சேலத்தைக் காட்டிலும் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் மேலாக உயர்ந்தது. ஒரே டயர் மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் சொல்லுவது இயல்பே. இதனை எடுத்துரைத்து, டயர்களைக் கோணியிற் கட்டிப் பேருந்தில் ஏற்றி, யாமும் தமையனாரும் இறங்கினோம்.

நண்பகலில் வணிகரின் கடை வாயிலில் 30 பாகை. டயர்களை நெடுநேரம் நிழலில் வைத்துப் பின் அளந்தோம்: 52. ஆகவே ஆறு புள்ளி மலைக்குளிரின் வேலை. எஞ்சிய ஐந்து யாது? வணிகர் தம் கருவியை எடுத்து அழுத்தினார், அழுத்தியபடியே பேசிக்கொண்டிருந்தார், பேச்சு முடிந்ததும் முள்ளைக் காட்டினார். 48! எம் கருவியையும் அவ்வாறே பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடித்தோம். அதுவும் 48-க்கு இறங்கியது. ரப்பர் தொடர்ந்த அழுத்தத்துக்கு மெல்ல மெல்ல இடங்கொடுக்கும் பொருள். அழுத்தியவுடன் காணும் எண் வேறு, பொறுத்துக் காணும் எண் வேறு. எவ்வாறு அளப்பினும் குற்றமில்லை. எப்பொழுதும் அவ்வாறே அளத்தல் வேண்டும். எஞ்சிய ஒரு புள்ளியைப் பற்றி யாம் வழக்காடவில்லை. அவர் பொய் சொன்னாரல்லர். மெய் சொன்னாரென்றும் எம்மால் எழுத இயலவில்லை.

இனி, 52 என்பது நன்றா தீதா? பிறந்தபோது 52 ஆக இருந்த டயர் இன்றும் 52 எனில் அது இளமை மாறாதது. 42 ஆகப் பிறந்தது 52 ஆயிற்றெனில் அது முதுமை எய்தியது. தனியெண் ஏதும் சொல்லாது. கடையின் மூலையில் அதே உற்பத்தியாளரின் அதே வகைப் புது டயர் ஒன்று தாளுறை பிரியாமல் இருந்தது. வணிகர் தயங்கினார். தமையனார் கெஞ்சினார். அதே நிழலில், அதே கருவியால், அழுத்தியவுடன் கண்ட அளவு: 42.

பத்துப் புள்ளி. இவற்றுள் ஒன்றிரண்டு தேய்வினாலும் ஆகலாம். மேல் ரப்பர் மெலிந்தால் ஊசி அடியிலுள்ள நாரடுக்கின் கடினத்தையும் சேர்த்து உணரும். மற்றவை முதுமையே. ரப்பரை நெகிழ வைக்கச் சேர்த்த எண்ணெய் நாளடைவில் வெளியேறுகிறது. சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்ட முறைப்படி கந்தகத்தால் பிணைத்த இழைகள், பந்தயத்திலே சூடேறி ஆறி, சூடேறி ஆறி, மேலும் மேலும் பிணைந்து இறுகுகின்றன. காற்றிலுள்ள பிராணவாயுவும் தன் பங்கைச் செய்கிறது. கண்ணுக்கு டயர் தடித்தே இருக்கும். தேயாதது போலவே இருக்கும். அதனாலேயே அது வாங்குவாரை மயக்குகிறது. தேய்ந்த டயரைக் குழந்தையும் கண்டுகொள்ளும். இறுகிய டயரை நகமோ கருவியோதான் காட்டும்.

டயரின் பக்கத்தில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களையும் அப்போதுதான் படித்தோம். முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பன. அந்த டயர்கள் செய்யப்பெற்று ஐந்தாண்டு கடந்திருந்தது. இதை முதலிலேயே பார்த்திருந்தால் பேருந்துக் கூலியேனும் மிஞ்சியிருக்கும்.

வணிகர் நெடும்பேச்சுக்குப் பின் 4,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். போன இரண்டாயிரம் போனதே. தமையனார் அத்தொகையை எண்ணி, அம்மாவின் பங்கைத் தனியே மடித்து, மேற்சட்டையின் உட்பைக்குள் வைத்தார். இருங்காட்டுக்கோட்டைப் பயணம் சனவரியினின்று தள்ளிப்போயிற்று. திரும்பும் பேருந்தில் அவர் எம்முடன் பேசவில்லை. பன்னிரண்டாம் வளைவுக்கு மேலே பனி இறங்கி ஓட்டுநர் விளக்கேற்றியபொழுது மட்டும், "இந்த வண்டியின் டயர் என்ன எண் இருக்கும்?" என்றார்.

வீடு சேர்ந்ததும் தந்தையாரிடம் யாவும் கூறினோம். அவர் சாவியைத் திரும்பக் கொடுத்துவிட்டு, "புதியதற்கும் நகம் போட்டுப் பார்த்தாயா?" என்று ஒன்றே கேட்டார். யாம் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்து கருவியைத் திருப்பித் தர எடுத்துவைத்தபோது பெட்டிக்குள் அது இல்லை. தமையனாரின் பட்டறையில் இருந்தது. அருகே அம்மா கூலிக்கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் கோடிடப்பட்டுக் கிடந்தன. நாள், வெப்பம், முன் டயர், பின் டயர் என்று வரிசையாகப் பட்டறைக்கு வந்த வண்டிகளுக்கெல்லாம் எண் எழுதியிருந்தார். ஐந்தாம் பத்தியின் தலைப்பு "அப்பா நகம்." அதன் கீழே சில இடங்களில் சரி என்றும், சில இடங்களில் ஆகாது என்றும், இரண்டே இடங்களில் கேள்விக்குறியும் இருந்தன. கருவியை மேலும் ஒரு திங்கள் வைத்துக்கொள்ள நண்பரிடம் இசைவு கேட்டு எழுதினோம்.