கரப்புக் கட்டும் கை

வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டு முற்றம். வாளித் தண்ணீரில் பிரம்பு ஊறிக் கிடந்தது. திண்ணையில் பழைய தையல் மெசின், பக்கத்தில் சிவப்பு வெல்வெற்றும் சரிகை லேசும். வடமோடிக் கூத்தொன்றின் அரச வேடத்துக்குக் கரப்புடுப்பு தயாராகிக்கொண்டிருந்தது.

கோழியைக் கவிழ்த்து மூடும் கூடைக்குக் கரப்பு என்று பேர். அரசனின் இடுப்பிலிருந்து முழங்கால்வரை விரிந்து நிற்கும் உடுப்புக்கும் அதே வடிவம், அதே பேர். கூத்தின் மற்ற மரபான தென்மோடிக்கு இது இல்லை, அங்கே வில்லுடுப்பு.

உடுப்புக் கட்டும் ஐயா பிரம்பை எடுத்துத் தொடையில் வைத்து மெல்ல வளைத்தார். இரு நுனிகளையும் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து நூலால் வரிந்தார். மூட்டு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்தேன்; தட்டுப்படவேயில்லை. மேலிருந்து கீழே பெருத்துக்கொண்டு போகும் வளையங்களை நாடாவில் கோத்தால் கூடு எழும்பிவிடும். கூத்தாடும் வட்டக்களரியில் சனம் சுற்றிவர இருக்கும். அங்கே உடுப்புக்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. ஒருபக்க மேடைக்குத் தைக்கும்போதும் ஐயா பின்பக்கத்துக்கு அதே லேஸைத்தான் வைக்கிறார். எனக்கு அவரில் மதிப்புக் கூடியது அதைப் பார்த்துத்தான்.

நடிக்கும் பெடியன் வந்தான். இடுப்பில் துணியை மடித்துச் சுற்றி, அதன்மேல் கயிற்றை இறுக்கினார் ஐயா.

“வயித்தை எக்காதையும் தம்பி. இப்ப எக்கினா ஆடேக்கை வெட்டும்.”

“நெஞ்சுப் பக்கமும் இறுக்குவியளோ ஐயா?” என்றேன்.

“பாடுறவன் எல்லே. விலா விரிய வேணும்.”

உடுப்பின் சூட்சுமம் முழுக்க அந்தப் பதிலில் இருந்தது. ஐரோப்பியச் சீமாட்டிகளும் வளையப் பாவாடை உடுத்தவர்கள்தாம். 1856இல் அதற்கு உருக்குக் கம்பிக் கூடுகூட வந்தது. ஆனால் அவர்களின் மேலுடம்பைத் திமிங்கில எலும்பென்று பேர்பெற்ற கொம்புப்பட்டியால் விறைப்பாக்கிக் கட்டினார்கள். எங்கள் அரசனோ ஆடிக்கொண்டே பாட வேண்டியவன். பாரத்தை இடுப்பு சுமக்கும். நெஞ்சு சும்மா இருக்கும். மேலே வெல்வெற் சட்டை மட்டும், அக்குளில் தாராளமாக விட்டுத் தைத்தது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றினார். கூத்தைப் பற்றி அதற்குப் பிறகு நிறைய எழுதியாயிற்று. பாட்டையும் ஆட்டத்தையும் பதிந்து வைத்த அளவுக்கு, இந்தக் கூட்டை முடிகிற கையை ஆராவது பதிய வேண்டும் என்பது என் ஆசை. பிரம்பு எந்தப் பதத்தில் வளையும் என்பதை ஏட்டில் படித்து அறிய முடியாது.

மத்தளம் தொடங்கியது. பெடியன் பொடியடி என்ற ஆட்டத்தைப் போட்டான், பிறகு வீசாணம் என்ற ஆட்டம். சுழன்ற வேகத்தில் கரப்பு ஒருபக்கம் எழும்பி, அடி வளையம் முழங்காலில் அடித்தது. அவன் சொல்லவில்லை, முகம் சுளித்ததை ஐயா கண்டுவிட்டார். கையை உயர்த்தி மத்தளத்தை நிறுத்தினார்.

குந்தியிருந்து வளையத்துக்கும் முழங்காலுக்கும் நடுவே இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அடி வளையத்தின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அரைநாள் வேலை. பிரம்பு திரும்பவும் வாளிக்குள் போனது.