வாப்பாவின் கண்ணும் காரின் விளக்கும்

எங்கள் வீட்டு மொரிஸ் மைனருக்கு என்னைவிட வயது அதிகம். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்த கார் அது. எங்களுடையது 1965 ஆம் ஆண்டினது. வாப்பா அதைப் பிள்ளைபோல வைத்திருந்தார்.

ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு கல்முனையிலிருந்து வரும்போது, வீதியில் படுத்திருந்த மாட்டில் மோதப் பார்த்தார். "ரோட்டே தெரியல்ல மகள்" என்றார். நாங்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: வயது எழுபத்து நான்கு, கண் மங்கிவிட்டது. தம்பி சாவியை வாங்கி என்னிடம் தந்தான். வாப்பா ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு கார்ப் பக்கமே போகவில்லை.

ஒரு மாதம் கழித்து, இரவில் உம்மாவுக்கு மூச்சு முட்டியது. நான்தான் காரை எடுத்தேன். வழியில் சைக்கிளில் போன ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகுதான் தெரிந்தார். பிரேக்கை மிதித்தேன். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் என் கை நடுங்கியது. எனக்கு வயது நாற்பத்தொன்று. எனக்கும் ரோடு தெரியவில்லை.

கராஜில் இரண்டு பல்ப்களையும் மாற்றினார்கள். சரிவரவில்லை. பற்றரி பழசு என்று புதுசு போட்டார்கள். காசுதான் போனது. இடது பக்க விளக்கு அப்படியே மஞ்சளாக எரிந்தது.

வாப்பாவிடம் வந்து சொன்னேன். கதிரையை முற்றத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"லைட்டைப் போட்டு, இடது சிக்னலையும் போடு மகள்."

போட்டேன். சிக்னலோடு சேர்ந்து ஹெட்லைட்டும் துடித்தது.

"எர்த் சரியில்ல. எல்லாரும் கரண்ட் போற வழியப் பாக்கிறாங்க. திரும்பி வாற வழிய ஒருத்தரும் பாக்கல்ல."

பிறகு விளக்கமாகச் சொன்னார். வயரில் பல்புக்குப் போகும் மின்சாரம், காரின் இரும்பு உடல் வழியாகத்தான் பற்றரிக்குத் திரும்புகிறது. விளக்கின் கறுப்பு வயர் அந்த இரும்பில் முடுக்கப்பட்டிருக்கும். எங்கள் கடற்கரை உப்புக் காற்றுக்கு அந்த இடத்தில் துரு ஏறாமல் இருக்குமா? 12 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 10 வோல்ட் கிடைத்தால், வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

சோதிக்க வழியும் சொன்னார். ஒரு துண்டு வயரின் ஒரு முனையை, காரின் உடலோடு சேரும் பற்றரி முனையில் பிடித்தேன். மைனரில் அது பிளஸ் முனை. பெரும்பாலான கார்களில் மைனஸ். மறுமுனையைக் கறுப்பு வயரின் பொருத்தில் தொட்டதும் விளக்கு பளிச்சென்று வெள்ளையாக எரிந்தது.

"முதல்ல பற்றரி வயரைக் கழற்று" என்றார். மைனரின் ஹெட்லைட் லைனுக்குப் பியூஸ் இல்லை. தவறி எங்காவது முட்டினால் வயரே எரியும். கழற்றிவிட்டு, கறுப்பு வயர் முடுக்கிய ஆணியை எடுத்தேன். அடியில் பழுப்புத் துரு. இரும்பு மின்னும்வரை சுரண்டி, இறுக்கி முடுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். வலது பக்கமும் அப்படியே செய்தேன். ஒரு மணித்தியால வேலை.

அன்றிரவு மதிலில் இரண்டு வெளிச்சமும் ஒரே மாதிரி விழுந்தன. வாப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்ட கண் இல்ல" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. சாவியை அவர் கையில் வைத்தேன்.

பிறகு கண் டொக்டரிடமும் போனோம். ஒரு கண்ணில் வெண்புரை தொடங்கியிருந்தது. இரவில் இனி ஓட்டுவதில்லை என்று வாப்பா தானே முடிவெடுத்தார். இரவுக்கு மட்டும் சாவி என்னிடம். பகலில் அவர்தான் ஓட்டுகிறார்.

சகோதரிகளே, வீட்டில் பழைய வாகனம் இருந்தால், மாதம் ஒருமுறை இருட்டியதும் மதிலுக்கு முன்னால் நிறுத்தி விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்று வெள்ளையாகவும் ஒன்று மஞ்சளாகவும் தெரிந்தால், பல்ப் வாங்குமுன் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் "தெரியல்ல" என்றால், குறை அவர்களிடம்தான் என்று எங்களைப்போல் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்.