ஷிப்ட் முடிந்த பிறகு பாடம்

பிப்ரவரி 4

தைப்பூசத்துக்குப் பத்துமலை போக விரும்பிய சக தாதியர் சிலருடைய இரவு ஷிப்டுகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இன்று காலை வீடு திரும்பிக் குளித்து, காப்பியுடன் மேஜைமுன் அமர்ந்தேன். புதிய பருவத்துப் பாடநூல்கள் அங்கே காத்துக்கிடந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாதியாக உத்தியோகம் பார்த்த ஒருத்தி, தன் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் பருவத்தில் தானும் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தாதிமை இளங்கலைப் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டால், டெங்கிலில் உறவுக்காரர்கள் முதலில் விசாரிப்பது சம்பளம் கூடுமா என்பதைத்தான். கூடலாம், அரசாங்கச் சேவையில் டிப்ளோமாவுக்கு ஒரு தரம், பட்டத்துக்கு வேறொரு தரம் என்ற ஏற்பாடு இருக்கவே செய்கிறது. ஆனால் பட்டச் சுருள் கைக்கு வந்த மறுநாளே தரமும் உயர்ந்துவிடும் என்று நம்பி இதில் பிரவேசிக்கிறவர்கள் பொறுமையையும் நிறையச் சேமித்துக்கொள்வது நல்லது.

தாதிக்குப் பட்டம் என்பதே இங்கே தாமதமாக வந்த விஷயம். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் தாதியர் பள்ளியைத் தொடங்கியது 1909ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகம் தாதியர் கல்வியைத் தன் கூரையின்கீழ் கொண்டுவந்ததும் அதே ஆண்டுதான். வேலூரிலும் டில்லியிலும் 1946இல் தாதிமைப் பட்டப்படிப்பு ஆரம்பமாகிவிட்டது. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகம் அத்தகைய பட்டத்தை ஏற்படுத்தியது 1993இல். இடைப்பட்ட அத்தனை காலமும் இங்கே தாதி என்பவள் மருத்துவமனையிலேயே பயின்று, மருத்துவமனைக்கே கைகொடுக்கிறவளாக இருந்தாள். அந்தக் கைகளைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை; என்னை உருவாக்கியவை அவைதாம். என்றாலும், ஒரு காரியத்தைப் பல்லாயிரம் தடவை பழுதறச் செய்தவளை உட்காரவைத்து, ‘அதை ஏன் செய்தாய், அதற்குப் பிரமாணம் என்ன?’ என்று கேட்டுவிட்டால் அவள் எவ்வளவு திணறிப்போகிறாள் என்பதை இந்தப் படிப்பில் சேர்ந்த பிறகே கண்டுகொண்டேன்.

பிப்ரவரி 19

படுக்கைப்புண்ணைப் பற்றிய பாடம் இன்று என்னை அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இன்று புத்ராஜெயாவாக மாளிகைகளும் ஏரியுமாக விளங்கும் பரப்பு முழுவதும் ஒருகாலத்தில் பிராங் பெசார், காலோவே, செட்ஜ்லி, மெடிங்லி என்று தோட்டங்களாக இருந்தது. 1990களின் இறுதியில் அங்கிருந்து பெயர்ந்த குடும்பங்கள்தாம் டெங்கில் தாமான் பெர்மாத்தாவில் வந்து குடியேறியவை. அவ்வட்டாரத்துத் தோட்டமொன்றில் அப்பா டிரெஸ்ஸராக இருந்தார். டாக்டர் என்பவர் குறித்த நாளில் காரில் வந்து குறித்த நேரத்தில் போய்விடுகிறவர். எஞ்சிய வேளையெல்லாம் காய்ச்சலுக்கு மருந்து, வெட்டுக்குக் கட்டு, ஊசி, நள்ளிரவில் லயத்திலிருந்து வரும் அழைப்பு ஆகிய யாவும் டிரெஸ்ஸரின் பொறுப்பு. பக்கவாதத்தால் படுத்துவிட்டவர்களுடைய முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் அவர் ஸ்பிரிட்டால் துடைத்து, அழுந்தத் தேய்த்து, பவுடர் போட்டுவிடுவார். தம் பராமரிப்பில் இருந்த ஒருவருக்கும் முதுகில் புண் வந்ததில்லை என்பதில் அவருக்கு மெத்தப் பெருமை. அதன் கீர்த்தி முழுவதையும் அவர் அந்த ஸ்பிரிட் புட்டிக்கே அளித்துவந்தார்.

டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயத் தாதி, மக்லாரன், எக்ஸ்டன்-ஸ்மித் என்ற இருவரோடு சேர்ந்து முதியோர் வார்டுகளில் நிகழ்த்திய விசாரணை 1962இல் நூலாக வெளிவந்தது. தோலின்மேல் எதைப் பூசினாலும் தேய்த்தாலும் பெரிய பலன் இல்லை, நோயாளியை ஒழுங்காகப் புரட்டிப் படுக்கவைத்து அழுத்தத்தை நீக்குவதே புண்ணைத் தடுக்கிறது என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கும் சதையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டு, ஆகாரமும் பிராணவாயுவும் சேராமல் அச்சதை மடிகிறது. நசுங்கிக்கிடப்பதை மேற்கொண்டு அழுத்தித் தேய்ப்பது உபகாரமாக இல்லாமல் உபத்திரவமாகவே முடியலாம். யாருக்குப் புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிய, தேகநிலை, மனநிலை, நடமாட்டம், அங்க அசைவு, மலஜலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் இட்டு, மொத்தம் 20இல் 14ஓ அதற்குக் குறைவோ வந்தால் அபாயம் என்று கொள்ளும் அளவையையும் நார்ட்டன் வகுத்தார். பின்னர் 1987இல் வெளியான பிராடன் அளவைதான் எங்களுக்கு இப்போது பழக்கமானது, வழிவகுத்தவர் நார்ட்டன்தான்.

அப்படியானால் அப்பாவின் நோயாளிகளுக்குப் புண் வராதது எங்ஙனம்? யோசித்துப் பார்த்ததில் ஒன்று நினைவுக்கு வந்தது. தோட்டத் தொழிற்சாலையில் சங்கு ஊதும்போதெல்லாம் நோயாளியை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று வீட்டுப் பெண்களுக்கு அவர் கண்டிப்பான உத்தரவு இட்டிருந்தார். இடையில் ஸ்பிரிட் தேய்க்கும்போதும் அவரே ஒருமுறை புரட்டிவிடுவார். ஆக, காப்பாற்றியது புரட்டல். புகழ் பெற்றது ஸ்பிரிட். இரண்டு காரியங்களை ஒருசேரச் செய்கிறவனுக்கு அனுபவம் எவ்வளவு நீண்டாலும் அவற்றில் எது பலித்தது என்பதை அந்த அனுபவம் சொல்லித் தராது. பிரித்துப் பார்க்க யாராவது முன்வர வேண்டும். நார்ட்டன் முன்வந்தார். அவர் தாதியாக இருந்ததால்தான் அந்தக் கேள்வியே எழுந்தது என்பது என் அபிப்பிராயம். படுக்கைப்புண் அக்காலத்து டாக்டர்களுக்கு அப்படியொன்றும் சுவாரசியமான விஷயமாக இருந்ததில்லை.

மார்ச் 8

புள்ளியியல். வகுப்பில் என் வயதுக்காரர்கள் அனைவரும் ஒரே குரலில் பெருமூச்சு விடும் பாடம் இது ஒன்றுதான். ஆசிரியை எங்களைத் தேற்றுவதற்காக ஃபுளாரன்ஸ் நைட்டிங்கேலின் கதையைச் சொன்னார். விளக்கேந்திய மாது என்று உலகம் போற்றும் அப்பெருமாட்டி, கிரிமிய யுத்தத்தில் போர்க்காயத்தால் இறந்த சிப்பாய்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே மிகுதி என்பதை வண்ண விளக்கப்படமாக வரைந்து காட்டியது 1858இல். இங்கிலாந்தின் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதும் அவ்வாண்டே. இந்தியாவில் ஒருநாளும் கால் வைக்காமலே அந்நாட்டின் சுகாதாரத்தைப் பற்றிப் பல்லாண்டுகள் எழுதிவந்தவரும் அவரே.

எனக்கென்னவோ இங்கிலாந்து வரை போகவேண்டிய அவசியமே இல்லை என்று தோன்றியது. 1901இல் கிள்ளானுக்கு வைத்தியராக வந்த மால்கம் வாட்சன், அவ்வூரையும் போர்ட் சுவெட்டன்ஹாமையும் சூறையாடிக்கொண்டிருந்த மலேரியாவை எண்ணிக் கணக்கெடுத்தார். சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்தார். மறுபடியும் எண்ணிப் பார்த்து, நோய் விழுந்துவிட்டதை உலகுக்கு நிரூபித்தார். அந்த எண்களுக்குள் இருந்தவர்களில் நம் ஜனங்களும் எத்தனையோ பேர்.

ஏப்ரல் 2

இரவு பாஸ் ஓவர் வேளையில், புதிதாகச் சேர்ந்த சிறு பெண் ஒருத்தி, காய்ச்சலே இல்லாத நோயாளியையும் நடுநிசியில் எழுப்பி டெம்பரேச்சர் பார்ப்பானேன் என்று கேட்டுவிட்டாள். வார்டு சிஸ்டர் சிரித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டி, “அதான் படிக்கிறாங்களே, படிச்சிட்டு வந்து சொல்வாங்க” என்றார். பரிகாசந்தான், ஆயினும் அதில் ஒரு நியாயமும் இருந்தது. நோயின் பெயரை டாக்டர் எழுதுகிறார். அந்த நோயோடு இன்றிரவு இந்த மனிதர் எப்படி மூச்சு விடுவார், எப்படி உறங்குவார், எழுந்து கழிப்பறைக்குப் போகையில் விழுவாரா என்பவற்றை நிதானித்து, தாதி தன் நிர்ணயமாக எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்கிறது பாடநூல். டிப்ளோமாவிலும் இதைப் படித்தோம். அப்போது அது பரீட்சைக்கு ஒரு படிவமாக இருந்தது.

மே 12

உலகத் தாதியர் தினம். வார்டில் கேக் வெட்டினார்கள். வழக்கம்போல் பாதி பேர் அதைச் சாப்பிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வுக்கு எடுக்கும் பொருளை ஒருவழியாகத் தீர்மானித்துவிட்டேன். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு; இந்தியர்களைத் தனியே பார்த்தால் அது 30 சதவீதத்துக்கும் மேல். வெட்டப்படும் விரலும் பாதமும் எங்கிருந்து தொடங்குகின்றன என்பதை அறுவை வார்டில் இருந்த எவரும் அறிவர்: செருப்புக் கடித்த ஒரு சிறு கொப்புளம், நகம் வெட்டுகையில் பட்ட ஒரு கீறல். சர்க்கரை மிகுந்து நரம்பு மரத்துப்போனவருக்கு வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் அவர் கிளினிக்குக்கு வருவதில்லை. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக்குச் சில நிமிஷங்களே ஆகும். தோட்டத்தில் வேலை பார்த்து இப்போது வயதாகிவிட்ட எங்கள் பகுதிப் பெண்கள் தங்கள் பாதங்களை எவ்வாறு பேணுகிறார்கள் என்பதே என் பொருள்.

மே 30

மாலையில் பக்கத்து வீட்டுப் பாட்டியுடன் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது, ஆய்வுக்கு நான் எடுத்திருக்கும் வினாப்பட்டியலின் பிரஸ்தாபம் வந்தது. வெளிநாட்டில் சோதித்து ஏற்கப்பட்ட பட்டியல் அது. ‘தினந்தோறும் உங்கள் பாதங்களைப் பரிசோதித்துப் பார்க்கிறீர்களா?’ என்பது அதன் முதல் வினா. பாட்டி கலகலவென்று சிரித்தார்.

“குனிஞ்சா தலை சுத்துது மிஸ்ஸி. கண்ணுல புரை வேற. என் காலை நான் பாத்து எத்தனையோ காலம் ஆச்சு.”

“அப்ப யார் பாட்டி பாப்பாங்க?”

“மக இருந்த வரைக்கும் அவ பாத்தா. இப்ப சிரம்பான்ல இருக்கா.”

பட்டியலின்படி இதற்கு ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும். ‘இல்லை’ என்று குறித்தால், சிரத்தை இல்லாதவர், அவருக்குப் போதனை தேவை என்று முடிவாகும். பாட்டிக்குச் சிரத்தைக்கும் குறைவில்லை, புத்திக்கும் குறைவில்லை.

ஜூன் 24

ஆய்வு நெறிக் குழுவின் அனுமதி வந்துவிட்டது. ஏற்கப்பட்ட பட்டியலில் ஒரு சொல்லை மாற்றினாலும் அதன் நம்பகத்தன்மை குலையும் என்பதால், அதை அப்படியே விட்டுவிட்டு, என் வினாவைத் தனிப் பகுதியாகச் சேர்த்துக்கொள்ள வழிகாட்டும் ஆசிரியை சம்மதித்தார். ‘உங்கள் பாதத்தை உங்களுக்காக வீட்டில் யார் பார்க்கிறார்?’ வினாவின் மொழி விளங்குகிறதா என்று பார்ப்பதற்காக முதலில் சிலரிடம் கேட்டேன். பேத்தி என்றார் ஒருவர். வீட்டுக்காரர் என்று வெட்கத்தோடு சொன்னார் மற்றொருவர். யாருமில்லை என்றவர்களும் இருந்தார்கள்.

இரவு அவற்றைக் கணினியில் பதிவு செய்ய உட்கார்ந்தேன். பேத்திக்கு 1, கணவருக்கு 2, மகளுக்கு 3 என்று குறியீடு இட்டாயிற்று. பதில் கிடைக்காத வினாவுக்கு 9 இடுவது வழக்கம். ‘யாருமில்லை’ என்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம் என்று உடன் படிக்கும் தோழி போனில் சொல்கிறார். 9 இட்டால் கணக்குப் போடும்போது மென்பொருள் அதை விடுபட்ட விவரம் என்று ஒதுக்கிவிடும். ஆகவே ‘யாருமில்லை’ என்பதற்குத் தனியே 0 இட்டிருக்கிறேன். சரிதானா என்று சனிக்கிழமை வகுப்பில் ஆசிரியையிடம் கேட்க வேண்டும்.