தொடங்குவதற்கு எத்தனை சொல்?



தமிழில் 'தொடங்கு' என்ற ஒரு சொல்லே பல இடத்துக்குப் போதும். ஆங்கிலத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். மோட்டார் சைக்கிளை 'ஸ்டார்ட்' பண்ணலாம், 'பிகின்' பண்ண ஏலாது. கூட்ட அறிவித்தலில் 'கொமென்ஸ்' வரும். இடையில் நின்றதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் 'ரிசூம்'.

1990 ஒக்டோபர் 30இல் சோனகதெருவிலிருந்து வெளியேற்றப்பட்டோம். தந்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். 2002 உடன்படிக்கைக்குப் பிறகும் 2009க்குப் பிறகும் சிலர் திரும்பினோம். விட்ட இடம் அப்படியே இருக்கவில்லை. வீடுகளுக்குக் கூரையில்லை, பிள்ளைகளுக்குப் புத்தளம்தான் ஊர். ஆகவே எங்களுக்கு 'ரிசூம்' பொருந்தாது, 'ஸ்டார்ட்'தான்.

திரும்பி வந்திருப்பவர்கள் பிள்ளைகளை இங்குள்ள பாடசாலையிலேயே சேருங்கள். வகுப்பு நிறைந்தால்தான் தெருவும் நிறையும், இன்ஷா அல்லாஹ்.