எடை குறைந்த பலகையும் ஒரு தாயின் கேள்வியும்



பனி என்னும் சொல்லை நம் நாட்டு மாணவர்களுக்கு விளக்குவது எளிதன்று. விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனிதான். கேமரன் மலைப்பாதையை மறைக்கும் மூட்டமும் பனிதான். குளிர்நாடுகளில் வானிலிருந்து வெண்பஞ்சாய் உதிர்வதும் பனிதான். வெண்பனி, உறைபனி, மூடுபனி என்று அடைமொழி சேர்த்துப் பிரித்துக் காட்டுகிறோம். கடந்த ஆண்டு இறுதியில் அந்த வரிசையில் 'பொடிப்பனி' என்னும் சொல்லும் எனக்குத் தேவைப்பட்டது.

முன்னாள் மாணவர் ஒருவர் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பொறியாளராகப் பணிபுரிகிறார். பனிச்சறுக்கில் நன்கு தேறியவர். விடுதியை ஒட்டிய சறுக்குத்தளங்களோடு நில்லாமல், தாமே மலையேறி, ஆள் நடமாட்டமில்லாத சரிவுகளில் இறங்கிவர விரும்பினார். அதற்கென எடை குறைந்த சறுக்குப்பலகை ஒன்றை வாங்கப்போவதாகத் தம் தாயாரிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மையார் தமிழும் கொஞ்சம் மலாயும் மட்டுமே அறிந்தவர். பனிச்சரிவில் சிக்கி மாண்டவர்களைப் பற்றிய செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு என்னை அழைத்தார்.

"டீச்சர், நீங்க சொன்னா அவன் கேப்பான். போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

இருபத்தேழு வயது இளைஞரைத் தடுக்கும் உரிமை எனக்கில்லை. ஆயினும், ஒரு தாயின் அச்சத்தைத் தட்டிக்கழிக்கவும் மனமில்லை. ஆகவே, அந்த மாணவருக்கு ஒரு பணி கொடுத்தேன். "நீ வாங்கப்போகும் பொருள் என்ன, அது ஏன் அப்படி இருக்கிறது, அதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை அம்மாவுக்குப் புரியும் தமிழில் எழுது" என்றேன். ஒரு வாரத்தில் நீண்ட மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்தும், பின்னர் நானே தேடிப் படித்தவற்றிலிருந்தும் அறிந்ததை இங்கே சுருக்கமாகத் தருகிறேன்.

சைபீரியாவிலிருந்து வீசும் கடுங்குளிர்க் காற்று ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஹொக்கைடோ மலைகளில் மோதி மேலெழும்போது அந்த ஈரம் மிக இலேசான பனியாகக் கொட்டுகிறது. புதிதாய்ப் பெய்த அந்தப் பொடிப்பனியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் காற்றே இருக்கும். கால் வைத்தால் இடுப்பளவு புதையும். சேற்றில் தனிக்கால் புதைவதும், பலகை போட்டு நடந்தால் புதையாததும் நாம் அறிந்ததே. எடை பரந்த இடத்தில் பரவினால் அழுத்தம் குறைகிறது. அறிவியல் பாடத்தில் சொல்லித் தரும் அதே விதிதான் இங்கும்.

எனவே, பொடிப்பனிக்கான பலகை அகலமாக இருக்கவேண்டும். கெட்டிப்பட்ட தளத்திற்கான பலகை காலடியில் 70, 80 மில்லிமீட்டர் அகலம் இருந்தால், இது 105 முதல் 115 மில்லிமீட்டர் வரை இருக்கும். முனையும் படகின் முன்புறம்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். இவ்வடிவம் ஒரே நாளில் தோன்றியதன்று. 1980களின் இறுதியில் ஆஸ்திரிய நாட்டு அட்டாமிக் நிறுவனத்தின் ரூப்பர்ட் ஹூபர், பனித்தளப் பலகை ஒன்றை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்துப் பார்த்ததிலிருந்து அகலப் பலகைகள் பிறந்தன. நீர்ச்சறுக்குப் பலகையைக் கண்டு சிந்தித்த ஷேன் மெக்கான்கி என்பவரின் முயற்சியால், 2002ஆம் ஆண்டில் வோலன்ட் நிறுவனம் 'ஸ்பாட்டுலா' என்னும் பலகையை வெளியிட்டது. இன்றைய வளைந்த முனைகளுக்கு அது முன்னோடி.

அகலம் கூடினால் எடையும் கூடும். தளத்தில் சறுக்குவோருக்கு இது பெரிய தொல்லையன்று. அவர்களை இழுவை நாற்காலி மேலே கொண்டு சேர்த்துவிடும். தம் காலாலேயே ஏறுகிறவருக்கோ ஒவ்வோர் அடியிலும் அந்த எடையை நகர்த்தியாக வேண்டும். ஒரு பலகையில் அரை கிலோ கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு காலும் 2,000 முறை முன்னேறினால், அந்தக் கால் கூடுதலாக நகர்த்திய மொத்த எடை 1,000 கிலோ! முதுகில் இருக்கும் எடையைவிடக் காலில் இருக்கும் எடை பன்மடங்கு களைப்பைத் தரும் என்று மலையேறிகள் சொல்வது இதனால்தான்.

ஆகவே, பவுலோனியா போன்ற இலேசான மரத்தையும் கார்பன் இழையையும் கொண்டு பலகையைச் செய்கிறார்கள். இரண்டு கிலோவைத் தாண்டும் ஒற்றைப் பலகை ஒன்றரை கிலோ அளவுக்கு இறங்குகிறது. பலகையின் அடியில், முற்காலத்தில் கடல்நாய்த் தோலையும் இக்காலத்தில் மோஹேர் அல்லது நைலான் துணியையும் ஒட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். அதன் மயிர்கள் பின்னோக்கிப் படிந்திருப்பதால் பலகை முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. உச்சியில் அதைக் கழற்றிவிட்டு இறங்குவார்கள். காலணியைப் பூட்டும் கருவியிலும் எடை குறைந்தது. மோன் பிளாங் மலையில் கனத்த கருவிகளோடு ஏறிக் களைத்த ஃபிரிட்ஸ் பார்த்தெல் என்னும் ஆஸ்திரியர், காலணியின் முனையை இரண்டு ஊசிகளால் மட்டும் பற்றும் பூட்டை 1980களில் உருவாக்கினார். குதிகால் விடுபட்டிருப்பதால் ஏறுவது நடப்பதுபோல் ஆகிறது.

அப்படியானால் எல்லாருமே மிக இலேசானதை வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பலர் சறுக்கி உழுதுபோட்ட தளத்தில் கட்டி கட்டியாகக் கிடக்கும் பனியில், எடையற்ற பலகை அடிபட்டுத் துள்ளும், அதிர்வைத் தாங்காது. கனத்த பலகை நிலையாகப் போகும். ஊசிப் பூட்டும் விழும்போது விடுபடுவதில் வழக்கமான பூட்டைப்போல் அவ்வளவு சீரானதன்று. தளத்திலும் காட்டுச்சரிவிலும் ஒன்றையே பயன்படுத்த விரும்புவோர் நடுத்தர எடையைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. ஏறுகையில் ஊசியும் இறங்குகையில் முழுப்பிடியும் தரும் பூட்டுகளும் உள்ளன. சாலமன் நிறுவனத்தின் 'ஷிஃப்ட்' 2018இல் வந்தது. நம் மாணவரும் 1,700 கிராம் பலகைக்கே வந்து சேர்ந்தார்.

இவ்வளவையும் படித்துக் காட்டியபின் அந்த அம்மையார் கேட்ட கேள்வி இது: "பலகை நல்லதா இருந்தா மலை சரியாதா, டீச்சர்?"

இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் கேட்டதில்லை. இலேசான பலகை மனிதனை எளிதில் மேலே கொண்டுபோகும். மேலே இருக்கும் பனி நிலையானதா என்பதை அது சொல்லாது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனிச்சரிவு பெரும்பாலும் நிகழ்கிறது. சறுக்குவோர் விரும்புவதும் அதே சாய்வைத்தான். புதையுண்டவரை முதல் 10 நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதன்பின் விரைவாகக் குறைந்துவிடும். மீட்புக் குழு வந்து சேர அந்நேரம் போதாது. உடன் வந்தவர்களே காப்பாற்றவேண்டும். அதற்கு ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மண்வாரி ஆகிய மூன்றும் இருக்கவேண்டும்; பயன்படுத்தப் பயிற்சியும் வேண்டும்.

அந்தக் கேள்வியை அப்படியே மாணவருக்கு அனுப்பினேன். அவருடைய மறுமொழியில் திட்டம் மாறியிருந்தது. முதலில் பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சி; அந்தப் பருவம் முழுவதும் நிசேக்கோவில் மட்டும். அங்கே தளத்தின் எல்லையில் வாயில்கள் உள்ளன. நிலைமையைப் பார்த்துக் காவற்குழுவினர் அவற்றைத் திறப்பார்கள், மூடுவார்கள். மூடிய வாயிலைக் கடப்பதும் கயிற்றுக்குக் கீழே நுழைவதும் அங்கே விதிமீறல். திறந்த வாயிலுக்கு அப்பாலும் பொறுப்பு அவரவருடையதே. தனியாகப் போவதில்லை என்றும் எழுதியிருந்தார்.

அம்மையாரின் அச்சம் முற்றாக நீங்கியது என்று சொல்லமாட்டேன். ஆனால், மகன் அழைக்கும்போது "சாப்பிட்டியா" என்பதற்கு அடுத்தபடியாக, "இன்னைக்கு வாயில் திறந்தாங்களா? யாரோட போனே?" என்று கேட்கிறாராம். மகனும் தாம் திரும்பி வந்த நாள்களைப் பற்றிக்கூட ஒளிக்காமல் சொல்கிறாராம். 'போகாதே' என்று மட்டும் சொல்லியிருந்தால், அவர் சொல்லாமல் போயிருக்கக்கூடும்.

பள்ளி முகாமுக்கும் மலையேற்றத்திற்கும் ஆற்றங்கரைக்கும் நம் பிள்ளைகள் போகிறார்கள். பையில் என்ன இருக்கிறது என்று சரிபார்க்கிறோம். அதோடு இன்னொன்றையும் அவர்களைத் தமிழில் சொல்லச் சொல்வோம்: "என்ன நேர்ந்தால் பாதி வழியிலேயே திரும்பி வருவாய்?" தெளிவாக விடை சொல்லும் பிள்ளையை ஓரளவு நம்பி அனுப்பலாம். விடை சொல்லத் தடுமாறும் பிள்ளையோடு இன்னும் சற்று நேரம் உட்கார்ந்து பேசவேண்டும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை