பொறுத்தருளும் பூமி

காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன் தரையைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்வது அந்தத் தாயாரின் வழக்கம். அன்று முழுவதும் தன் பாதங்கள் மிதிக்கப்போவதைப் பொறுத்தருள வேண்டும் என்று பூமாதேவியிடம் வைக்கும் விண்ணப்பம் அது. 86 வயதாகியும் ஒரு நாளும் அது தவறியதில்லை. "மாதா பொறுக்கிறாள் என்பதற்காக மரியாதையை விட்டுவிடலாமா?" என்பார்.

மகன் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். 34 ஆண்டுப் பணியில், தீபாவளிக்குப் பெற்றோர் கொண்டுவந்த இனிப்புப் பொட்டலத்தைக்கூட வகுப்புக்கே பகிர்ந்து கொடுத்துவிட்டுக் காலி டப்பாவைத் திருப்பி அனுப்பியவர். 'வாங்காத கை' என்று ஊரார் சொல்வதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமிதம் உண்டு. ஓய்வூதியப் பணமும் சேமிப்பும் சேர்த்துக் கும்பகோணத்தை அடுத்த கிராமம் ஒன்றில் தம் தாயாருக்காக அவர் ஒரு வீடு கட்டினார். காவிரிக் கரையில், கோயில் மணியோசை கேட்கும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதுதான் அம்மா வைத்த ஒரே நிபந்தனை.

எல்லாம் சாஸ்திரப்படி நடந்தது. பூமி பூஜை செய்து, ஈசானியத்தில் முதற்கல் நட்டு, நிலைவாசல் வைத்த நாளில் நவதானியமும் இட்டார்கள். மின்சார மெயின் போர்டு அக்கினி மூலையாகிய தென்கிழக்கில்தான் வர வேண்டும் என்று தலைமையாசிரியர் கட்டட மேஸ்திரியுடன் இரண்டு நாள் வாதாடி வென்றார். தை மாதத்து வெள்ளிக்கிழமை, விடிவதற்கு முந்தைய முகூர்த்தம் கிரகப்பிரவேசத்துக்குக் குறிக்கப்பட்டது.

மீதமிருந்தது மின் இணைப்பு ஒன்றுதான்.

கட்டடம் எழும்பியபோது பெற்றிருந்த தற்காலிக இணைப்புக்குக் கட்டணம் மிகுதி. வேலை முடிந்ததும் ஒரு மாதக் கட்டணமாவது மிச்சமாகட்டும் என்று அதை ஒப்படைத்துவிட்டு, நிரந்தர இணைப்புக்கு விண்ணப்பித்தார். பத்திர நகல், வரி ரசீது, அடையாள அட்டை ஆகியவற்றோடு, வயரிங் சரியாக உள்ளது என்ற ஒப்பந்தக்காரரின் சோதனை அறிக்கையும் கோப்பில் வரிசையாக இருந்தது. தண்ணீர் மோட்டார், மாவு அரைக்கும் இயந்திரம், அம்மாவின் அறைக்கு ஒரு குளிர்சாதனம், குளியலறையில் வெந்நீருக்கு ஒரு கெய்சர் ஆகியவற்றைக் கூட்டினால் 4 கிலோவாட்டைத் தாண்டியது. ஆகவே ஒருமுனை போதாது என்று மும்முனை இணைப்பு கேட்டிருந்தார். வைப்புத்தொகை உள்ளிட்ட கட்டணங்களையும் செலுத்தியாயிற்று.

முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு, மின் அலுவலகத்திலிருந்து இளம் பொறியாளர் ஒருவர் பார்வையிட வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். போர்டைத் திறந்து பார்த்தார். சிவப்பு, மஞ்சள், நீலக் கம்பிகளையும் கருப்புக் கம்பியையும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்தார். பச்சைக் கம்பியிடம் வந்ததும் நின்றார்.

"எர்த் குழி எங்கே ஐயா?"

தலைமையாசிரியர் கொல்லைப்புறத்தில் சிமெண்டு மூடி போட்ட இரண்டு சிறு தொட்டிகளைக் காட்டினார். மூடியின் விளிம்பைச் சுற்றிலும் பூசி அடைத்திருந்தது.

"இதைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். பார்த்த பிறகுதான் இணைப்புக்கு எழுத முடியும்."

"சோதனை அறிக்கை இருக்கிறதே! முத்திரையோடு கொடுத்திருக்கிறேனே!"

"காகிதம் மின்சாரத்தைத் தாங்காது ஐயா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

வயரிங் செய்தவர் வெளியூரில் இருந்தார். தொலைபேசியில் சிரித்தார். "நாற்பது வீட்டுக்குச் செய்திருக்கிறேன் சார். ஒருவரும் மூடியைத் திறக்கச் சொன்னதில்லை. அவர் எதற்காகக் கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரியாதா?"

பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொன்னார். "கொஞ்சம் கவனித்துவிடுங்கள் சார். இல்லாவிட்டால் இந்த மூடி முடிந்து இன்னொரு மூடி வரும்." மனைவி வெளிப்படையாக எதையும் சொல்லவில்லை. "பத்திரிகை கொடுத்தாயிற்று. வெளியூரிலிருந்து அறுபது பேர் வருகிறார்கள்" என்று மட்டும் நாள்தோறும் நினைவூட்டினார்.

ஆறு நாட்கள் அப்படியே கழிந்தன. மூடி திறக்கப்படவில்லை. மூடியில் ஒன்றுமில்லை, அது ஒரு சாக்கு என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டார். ஒருவரைத் தவறாக எண்ணத் தொடங்கிவிட்டால், அவர் செய்வதெல்லாம் அந்த எண்ணத்துக்குச் சான்றாகவே தோன்றும். பொறியாளர் கண்டிப்பாகப் பேசியது பேரமாகத் தோன்றியது. மறுபடி வராதது காக்கவைக்கும் தந்திரமாகத் தோன்றியது.

திங்கட்கிழமை பொறியாளர் மீண்டும் வந்தபோது, கூடத்தில் ஒரு வெள்ளித் தட்டு தயாராக இருந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், கிரகப்பிரவேச அழைப்பிதழ். அழைப்பிதழின் கீழே ஓர் உறை. அதற்குள் நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்.

தட்டை நீட்டியபோது தலைமையாசிரியரின் கை நடுங்கியது. வாங்காமல் இருந்த கை அது. கொடுத்தும் பழக்கமில்லை.

பொறியாளர் அழைப்பிதழை எடுத்துக்கொண்டார். ஒரு வெற்றிலையும் பாக்கும் எடுத்துக்கொண்டார். உறையைத் தட்டிலேயே வைத்துத் திருப்பி நகர்த்தினார். முகத்தில் கோபம் இல்லை.

"முகூர்த்தத்துக்கு அழைத்ததற்கு நன்றி ஐயா. இது தங்களுடையது. கடப்பாரை இருக்கிறதா?"

அவரே குந்தி அமர்ந்து மூடியின் விளிம்பைப் பெயர்த்தார். உள்ளே நிறைய மணல். அதற்குள் போன பச்சைக் கம்பியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். ஒரு சாண் நீளம், அவ்வளவுதான். அதன் நுனி எதிலும் இணையாமல் சுருண்டு கிடந்தது. இரண்டாவது தொட்டியிலும் அதே கதை. ஆனால் இரண்டு குழிகளுக்கும் குழாய், கரி, உப்பு, வெட்டுக்கூலி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பில் கொடுக்கப்பட்டிருந்தது.

பொறியாளர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "குளியலறையில் கெய்சருக்குக் கீழே ஒரு கைப்பிடி பதித்திருக்கிறீர்களே, அது யாருக்கு?"

"அம்மாவுக்கு. வழுக்கிவிடாமல் பிடித்துக்கொள்ள."

"ஈரக் கையால் பிடிப்பார்கள், இல்லையா?"

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலைமையாசிரியருக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

மின்சாரத்தின் இயல்பை அறிந்தால் அந்தக் கேள்வியின் கனம் விளங்கும். கெய்சர் போன்ற ஒரு கருவிக்குள் என்றாவது மின்கம்பியின் காப்புறை பழுதடைந்து கம்பி உலோகத்தைத் தொட்டுவிடலாம். அப்போது கருவியின் உடலும், அதோடு இணைந்த உலோகக் குழாயும் கைப்பிடியும் மின்னேற்றம் பெறக்கூடும். எர்த் கம்பி முறையாக இருந்தால், வழிதவறிய அந்த மின்சாரம் தடையின்றி அதன் வழியே பாய்ந்து பூமியை நாடும். அந்தப் பாய்ச்சலில் பியூஸ் போகும், அல்லது பிரேக்கர் விழுந்து இணைப்பைத் துண்டிக்கும். எர்த் இல்லையென்றால், மின்சாரம் அங்கேயே காத்திருக்கும். ஈரத் தரையில் நின்று முதலில் தொடுகிறவரின் உடலையே அது பூமிக்குப் போகும் வழியாக்கிக்கொள்ளும். விளக்கு எரியும், மோட்டார் ஓடும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். குறை தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

அன்றிரவு தலைமையாசிரியர் தாயாரின் கட்டிலருகே அமர்ந்து நடந்தது முழுவதையும் சொன்னார். உறையையும் மறைக்கவில்லை.

தாயார் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளை வாங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள் விளக்கு எரிந்திருக்கும் அம்மா."

"நானும் அந்தக் கம்பியைப் பிடித்திருப்பேன்."

மகன் தலை குனிந்தார். தாயார் அவர் கையைப் பற்றிக்கொண்டார். "தினமும் காலையில் பூமாதேவியிடம் பொறுத்துக்கொள் என்று கேட்கிறேன். உன்னிடத்தில் நான் பொறுக்காமல் இருப்பேனா? ஆனால் நாளைக்கு அந்தக் குழியை ஒழுங்காக வெட்டு. அவள் தாங்குவதற்குக் காத்திருக்கிறாள். அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது நாம்தானே."

மறுநாள் வேறொரு எலக்ட்ரீஷியன் இரண்டு ஆட்களோடு வந்தார். எட்டடி ஆழத்தில் இரண்டு குழிகள் வெட்டப்பட்டன. துளையிட்ட ஜி.ஐ. குழாயை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் ஓர் அடுக்குக் கரி, ஓர் அடுக்கு உப்பு என்று மாற்றி மாற்றி நிரப்பினார்கள். கரியும் உப்பும் ஈரத்தைப் பிடித்துவைக்கும்; ஈரம் இருந்தால்தான் மண் மின்சாரத்தை எளிதாக ஏற்கும். திருப்பித் தரப்பட்ட உறையிலிருந்த 2,000 ரூபாயும் கரிக்கும் உப்புக்கும் கூலியின் ஒரு பகுதிக்கும் சரியாகப் போயிற்று. மெயின் போர்டில், வெளியே போகும் மின்சாரத்துக்கும் திரும்பி வருவதற்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தாலே நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்றும் பொருத்தப்பட்டது.

வேலை முடிந்ததும் தாயார் மெல்ல நடந்து வந்து, காவிரி நீர் நிறைந்த சொம்பைக் குழாயில் சாய்த்தார். காஞ்சியில் ஏகாம்பரநாதராக, மண்ணாலான திருமேனியில் இறைவனை வணங்கும் மரபு நம்முடையது. மண்ணுக்கு நீர் விட அவருக்குத் தனியே காரணம் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை பொறியாளர் வந்து, கருவி வைத்துச் சோதித்துவிட்டுக் கையொப்பமிட்டார். ஆனால் கம்பத்திலிருந்து கம்பி இழுத்து மீட்டர் பொருத்தும் பணி அடுத்த வாரம்தான் நடக்கும். பக்கத்து வீட்டுக்காரர், "என் வீட்டிலிருந்து ஒரு ஒயர் போட்டுவிடலாம் சார், ஒரு நாள்தானே?" என்றார். தலைமையாசிரியர் கைகூப்பி மறுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை இருள் பிரியாத நேரத்தில் பசுவும் கன்றும் முன்னே செல்ல, தாயார் காமாட்சி விளக்கை ஏந்தி உள்ளே நுழைந்தார். கூடத்தில் குத்துவிளக்குகள், மாடங்களில் அகல்கள். ஹோமத் தீயின் ஒளியில் சங்கல்பம் நடந்தது. விறகடுப்பில் பால் பொங்கியது. மின்சாரம் இல்லாத குறையை வந்தவர்களில் பலர் கவனிக்கவே இல்லை. கண் பார்வை மங்கிய தாயார், அந்த அரையிருளில் மற்ற எல்லோரையும்விட இயல்பாக நடமாடினார். பைக்காராவிலும் மேட்டூரிலும் நீர்மின்சாரம் பிறந்தது 1930-களில் என்றாலும், அவர் புகுந்த கிராமத்துக்கு அது வந்தபோது அவருக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகள் கழிந்திருந்தன. முதல் பல்பு எரிந்த மாலையில் அவருடைய மாமியார் எழுந்து நின்று அதைக் கைகூப்பித் தொழுததை அன்று பேத்திகளுக்குச் சொன்னார். அந்தி வேளையில் ஸ்விட்சைப் போட்டதும் கைகூப்பும் வழக்கம் அவருக்கு அப்படி வந்ததுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை மூன்றரை மணிக்கு மீட்டர் பொருத்த ஆட்கள் வந்தார்கள். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்துத் தயங்கினார். செவ்வாயன்று மூன்று மணி முதல் நாலரை வரை ராகு காலம்.

"வெளிச்சம் வாசலில் வந்து நிற்கிறது. அதைக் காக்க வைக்காதே" என்றார் தாயார்.

மெயின் ஸ்விட்ச் போடப்பட்டது. பூஜை அறையின் சிறு விளக்கு முதலில் எரிந்தது. தாயார் கைகூப்பினார். அவர் அருகில் நின்ற மகனும் கூப்பினார். அவருக்கு அது முதல் முறை. பிறகு அவர் கொல்லைப்புறம் சென்று, யாரும் பார்க்காதபோது, எர்த் குழியின் அருகே குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

அந்த வீட்டில் இப்போது ஒரு புதிய வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் துளசி மாடத்துக்கு நீர் வார்த்த பிறகு, தாயார் சொம்பில் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பார். மகன் அதை வாங்கிக்கொண்டு போய் இரண்டு குழிகளிலும் ஊற்றிவிட்டு வருவார்.